அத்தை எதிர்க்கடைக்குப் போன நாட்கள்

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்து நான் பொய் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. என் மகளின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பரிசோதித்துவிட்டு, இது காசநோய்க் கட்டி, ஆறு மாதம் மாத்திரை போட்டால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு தாளில் எழுதிக்கொண்டே, "வீட்ல இதுக்கு முன்னால யாருக்காவது டிபி இருந்திருக்கா?" என்று கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் "இல்ல சார்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கும் பத்து நிமிடம் யோசிக்கிற அம்மா இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை.

மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனை நோண்டுகிறாள். நான்தான் மணிக்கு ஒருதரம் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் டைபாய்டு என்று சொல்லியிருக்கிறேன். மேல்வீட்டில் டான்சில் என்று சொல்லியிருக்கிறேன். மேல்வீட்டுப் பெண்ணும் பள்ளிக்கூடத்து டீச்சரும் எப்போதாவது சந்தித்துவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது என் தனிக் கவலை.

அந்த "இல்ல சார்" எங்கிருந்து வந்தது என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சங்கரன்கோவிலில் எங்கள் அப்பா மனப்பாடம் செய்யவைத்த பதில் அது. ஒருமுறைதான் அதை மறந்தேன்.

அப்பாவுக்குத் தெற்கு ரத வீதியில் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர். அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பி.காம். முடித்திருந்தாள். ராயகிரியில் வற்றல் மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பேசி, பூ வைத்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில்தான் அத்தைக்கு இருமல் ஆரம்பித்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆனால் தபசுக்குப் போனால் இருமலுக்குத் தூசியையும் ஐஸையும் காரணம் சொல்லலாம். அம்மா சுக்கும் மிளகும் இடித்துக் கொடுத்தாள். அப்பா கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கிவந்து குழைத்துப் பூசச் சொன்னார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, இஸ்னோபிலியாவாக இருக்கும் என்றார். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. நீளமாகவும் கௌரவமாகவும் இருந்தது. கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்காத வியாதி என்பது அதன் உச்சரிப்பிலேயே தெரிந்தது. அப்பா ஒரு வாரம், கடைக்கு வந்தவர்கள் கேட்காதபோதும், "தங்கச்சிக்கு லேசா இஸ்னோபிலியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இருமல் ஆவணிக்கும் வந்தது. அத்தையின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு சளிப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். டப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அப்பாவுடையது. அவர் அதைக் கடையில் பரிசுப் பாத்திரங்களுக்குச் சுற்றும் வண்ணக் காகிதத்தில் சுற்றி, பெரிய எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து எடுத்துப்போனார். வழியில் இரண்டு பேர், "என்ன அண்ணாச்சி, எந்த வீட்டு விசேசம்?" என்று கேட்டார்களாம்.

முடிவு வந்த நாளில் அப்பா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, "டிபியாம்" என்றார். அம்மா கல்யாணத் தேதியைச் சொன்னாள். பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்.

"ஏட்டி, ஒங்க அத்தைக்கு டிபியான்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவ?"

"இல்ல."

"முழுசா சொல்லு."

"இல்ல, இஸ்னோபிலியா."

"யாரும் கேக்கலன்னா?"

"இஸ்னோபிலியா."

"யாரும் கேக்கலன்னா வாயே தொறக்கக் கூடாது, மூதி."

அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆனது. பாத்திரக்கடை வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அவள் பெயர் வெட்டிய புதுப் பாத்திரங்களையே எடுத்துக் கொடுத்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுல்லா, சீர்ப் பாத்திரத்துல இப்பவே பழகட்டும்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தாள். பாத்திரத்தால் அந்த நோய் ஒட்டாது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறாமை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். சிகிச்சை எடுப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அப்பா அவரை வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பாத்திரம் வாங்குகிறவர் மாதிரி வரச் சொல்லியிருந்தார். அவரும் ஒவ்வொருமுறை போகும்போதும் கையில் ஒரு சொம்போ கரண்டியோ எடுத்துப் போவார். அடுத்தமுறை வரும்போது திருப்பிக் கொண்டுவருவார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்ன விதியில் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரை. அதையும் குடும்பத்தைச் சேராத ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும்.

"வீட்டுலயே நாங்க பாத்துப் போட்டா ஆகாதா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"ஆகாதும்மா. வீட்டாளுக எரக்கப்படுவாக. வாந்தி வருதுன்னு புள்ள அழுதா, சரி மக்கா, இன்னைக்கு வேண்டாம்னுருவீக. வெளியாளுக்கு எரக்கம் கெடையாது. நமக்கு அவந்தான் வேணும்."

வீட்டில் வெளியாள் தேடல் தொடங்கியது. சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள் அப்பாவின் வாடிக்கையாளர்கள். இரண்டுமில்லாதவர்கள் ஊருக்குப் புதியவர்கள். அவர்களை எப்படி நம்புவது?

"டெய்லரக்கா?" என்றாள் அம்மா.

"ஒனக்கு அளவு எடுக்கும்போதே அடுத்தவ அளவ ஒங்கிட்ட சொல்லுதவளா?"

"பால்க்காரரு?"

"அறுவது வீட்டுக்கு ஊத்துதாரு. பாலோட இதையும் ஊத்திருவாரு."

"ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்துரட்டுமே."

"நம்ம கடையில பாத்திரம் வாங்காத நர்ஸு அங்கன ஒருத்தி இருந்தா சொல்லு."

மொபெட்காரர் தொண்டையைச் செருமினார். "எதிர்த்தாப்ல பேன்சி ஸ்டோர் அண்ணாச்சிட்ட நான் ஏற்கெனவே கேட்டுட்டேன். போன வருசமும் ஒரு ஆளுக்கு அவருதான் குடுத்தாரு. காலையில எட்டரைக்கெல்லாம் கடை தொறந்துருதாரு."

எதிர்க்கடை அண்ணாச்சியும் எங்கள் அப்பாவும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் கடைக்குப் புதிதாகப் போட்ட தகரக் கூரையின் மழைத்தண்ணீர் தெருவைத் தாண்டித் தெறித்து, எங்கள் கடை வாசலில் அடுக்கியிருந்த பித்தளைக் குத்துவிளக்குகளைக் கறுக்கவைத்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. மழைக்கு விளக்கை வெளியே வைத்தது யார் என்பது அண்ணாச்சியின் கட்சி. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தெருவில் நிற்கும் கோயில் மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். மாடு இல்லாவிட்டால் நான்.

அப்பா குதிக்கப்போகிறார் என்று அம்மா டம்ளர்களை ஓரம் கட்டினாள். ஆனால் அப்பா கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "இதுதான் சரி" என்றார். "வேற எவன் சொன்னாலும் ஊரு நம்பிரும். இவன் போயி அந்த வீட்டுப் பொண்ணுக்கு டிபின்னு சொன்னா எவனாவது நம்புவானா? பகையில சொல்லுதான்னுதான் நெனப்பான்."

அதைவிட உறுதியான பாதுகாப்பு கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் நானும் அத்தையும் தெருவைக் கடப்போம். கையில் வெந்நீர்ச் செம்போடு நான் பின்னால் போவேன். பள்ளிக்கூடப் பை என் முதுகில் இருக்கும். அத்தையின் பெயரும் நம்பரும் கொட்டை எழுத்தில் எழுதிய ஓர் அட்டைப்பெட்டியைக் கண்மை டப்பாக்களுக்கும் நகப்பூச்சுக் குப்பிகளுக்கும் பின்னால் அண்ணாச்சி வைத்திருந்தார். வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அத்தை விழுங்க வேண்டும். ஏழு மாத்திரைகள். அதில் ஒன்று செக்கச்சிவந்த காப்ஸ்யூல். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, "அடுத்தது" என்பார். வேறு பேச்சு கிடையாது. மொபெட்காரர் சொன்ன இரக்கமில்லாத ஆள் இவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஏழும் முடிந்ததும் ஓர் அட்டையில் டிக் போடுவார்.

முதல் நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு அத்தைக்குக் கலரு மாறும், பயப்படாண்டாம்னு சொல்லு பாப்பா" என்றார். எதன் கலர் என்று ஒரு கிறிஸ்தவ அண்ணாச்சி அடுத்த வீட்டுக் குமரிப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வார்? பாவம். நான் அத்தையிடம் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறவில்லை. சாயங்காலம் கக்கூஸிலிருந்து அத்தை போட்ட சத்தத்துக்கு அம்மா ஓடினாள். பிறகு இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஏனென்று எனக்குச் சொல்லவில்லை.

ஒரு பெண் பேன்சி ஸ்டோருக்குப் போவதில் தப்பில்லை. வெறும் கையோடு திரும்பினால்தான் தப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் அத்தை எதையாவது வாங்கியாக வேண்டியிருந்தது. ஸ்லைடு, ரப்பர் பேண்டு, சாந்துப் பொட்டு, ரிப்பன். அவளுக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது; எல்லாம் என் தலைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் என்னைப் போல அலங்காரம் யாருக்கும் இல்லை. ஒருநாள் எட்டு ஸ்லைடு குத்திப் போனேன். டீச்சர் எங்கள் அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். நான் அதைக் கிழித்துப்போட்டேன். அத்தைக்குச் சீக்கிரம் குணமாகிவிடக் கூடாதே என்று கோயிலில் ஆவுடையம்மாளிடம் வேண்டிக்கொண்டேன் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு தம்பி இருந்தான். கடையில் டேப் ரிக்கார்டரில் பாட்டுப் போடுவதும் கண்ணாடி முன்னால் முடியைச் சீவுவதும் அவன் உத்தியோகம். வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடப்பது வெளியே கேட்கக் கூடாது என்று அத்தை வந்ததும் பாட்டைச் சத்தமாக வைக்கும்படி அண்ணாச்சி அவனிடம் சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு என்ன தெரிந்தது? பாத்திரக்கடைப் பெண் வாரத்துக்கு மூன்று நாள் பேன்சி ஸ்டோருக்குள் போகிறாள். உடனே காதல் பாட்டு சத்தமாகக் கேட்கிறது. கால் மணி நேரம் கழித்து முகம் சிவந்து வெளியே வருகிறாள்.

ஐப்பசி பிறந்தபோது செய்தி கோயில் வாசலில் அம்மாவின் காதுக்கு வந்தது. அங்கிருந்து ராயகிரிக்கு ஒரு மணி நேரப் பஸ்தான்.

மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. அம்மா, "அந்தத் தம்பிகூட..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்தி, அப்பாவின் காதில் சொன்னாள். ஆனாலும் எனக்குக் கேட்டது. லவ்வாம்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "டிபின்னு சொன்னாலும் கல்யாணம் நிக்கும். லவ்வுன்னு சொன்னாலும் நிக்கும். எதச் சொன்னா கொஞ்சம் மெதுவா நிக்கும்?"

"நான் லவ்வும் பண்ணல, ஒண்ணும் பண்ணல" என்றாள் அத்தை.

"அது எனக்குத் தெரியும்ட்டி. ஊருக்கு எப்படித் தெரியும்? ஒனக்கு டிபின்னு தெரிஞ்சாதான ஒனக்கு லவ்வு இல்லன்னு தெரியும்!"

கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இருமல்தான் நின்றுவிட்டதே, அத்தைக்குச் சதைகூடப் பிடித்திருக்கிறது. இதோடு மாத்திரையை நிறுத்திவிடலாம். கல்யாணம் முடிந்து மறுவீடு வந்த பிறகு மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

"அப்படி விட்டுட்டுப் போடக் கூடாதுன்னு சார் சொன்னாகல்லாண்ணே" என்றாள் அத்தை. "விட்டா திரும்ப வருமாம். வந்தா மருந்து கேக்காதாம்."

"சாருக்கென்ன? அவரு தங்கச்சிக்கா கல்யாணம்?"

அத்தை அன்று சாப்பிடவில்லை. எனக்கும் துக்கம்தான், ரிப்பன் நின்றுபோகுமே.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அப்பா கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார். அத்தை உள்ளே நின்றாள். ஒன்பது மணிக்கு எதிர்க்கடை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மாடு நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மாத்திர போட ஆள் வரலன்னா நாம வீட்டுக்குத் தேடிப் போயிக் குடுக்கணுமாம். எனக்குச் சொல்லிருக்காக. பெட்டியத் தூக்கிட்டு வாரதுல எனக்கொண்ணும் இல்ல. பெட்டி மேல பேரு இருக்கு. பாக்கவன் பாக்கட்டும்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அவரும் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னார்: "யாரும் இங்கன வர வேண்டாம்னு சொல்லு. அவ வருவா."

மாடு வாலை ஆட்டியது. அத்தை அப்பாவைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ராயகிரிக்காரர்கள் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்ததாகப் பேர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே பேன்சி ஸ்டோருக்குத்தான் வந்தார்கள். அந்த அம்மாள் நல்ல உயரம். நிலைப்படியில் நின்றால் கடைக்குள் இருட்டிவிடும். அவர்கள் உள்ளே நுழைந்தபோது டேப்பில் பாட்டு உச்சத்தில் இருந்தது. தம்பி கண்ணாடி முன்னால் சீப்போடு நின்றான். அத்தை மூன்று மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். நான்கு உள்ளங்கையில் இருந்தன. கையைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, அடிக்கடி இங்கன வருவியாமே?" என்றார் தாய்மாமன். சொல்லும்போது அத்தையைப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தம்பிக்குச் சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"கையில என்ன?" என்றார் அந்த அம்மாள்.

"ஒண்ணுமில்லத்த" என்றாள் அத்தை.

"லெட்டரா?" என்றார் தாய்மாமன்.

அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. இதற்கு மேல் நான் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது. பத்து வயதில் எனக்கிருந்த அறிவையெல்லாம் திரட்டி யோசித்தேன். டிபி என்று அப்பா வாய்விட்டுச் சொன்னார், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாவது சொன்னார். லவ் என்பதை அம்மா காதில்தான் சொன்னாள். அப்படியானால் இரண்டில் எது பெரிய அவமானம் என்பது தெளிவு. அத்தையை அந்தப் பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியாக வேண்டும். செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"எங்க அத்தைக்கு லவ்வெல்லாம் கெடையாது. டிபி மட்டும்தான்."

யாரும் அசையவில்லை. ஒருவேளை நம்பவில்லையோ என்று நினைத்து, கண்மை டப்பாக்களைத் தள்ளிவிட்டுப் பெட்டியை வெளியே இழுத்தேன். "பாருங்க, பேரு போட்டுருக்கு."

தம்பி டேப்பை நிறுத்தினான். தாய்மாமன் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பின்வாக்கிலேயே நடந்து தெருவுக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் மட்டும் நகரவில்லை. அத்தையின் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தார். நான்கு மாத்திரைகளையும் பார்த்தார்.

"எத்தன மாசம் ஆச்சு?"

"ரெண்டு மாசம் முடியப்போகுது" என்றாள் அத்தை.

"கல்யாணத்தப்ப அஞ்சுதான் ஆகிருக்கும். அப்பறம்?"

அத்தை உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இன்னும் நாலு இருக்கே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? முழுங்கு."

அத்தை ஒவ்வொன்றாக விழுங்கினாள். கடைசி மாத்திரை இறங்கியதும் அந்த அம்மாள் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"வாயத் தொற. நல்லாத் தொற. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம்."

"நான் பாத்துட்டேம்மா, முழுங்கிட்டா" என்றார் அண்ணாச்சி. அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

"நீங்க பாத்தீக அண்ணாச்சி. நானும் பாத்துக்கிடுதேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று முடியின் நீளத்தைப் பார்த்தார்கள், நடந்துவரச் சொன்னார்கள், கோலம் போடச் சொன்னார்கள். பல்லைப் பார்க்க விட்டுப்போயிருந்தது. தபசுக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் காளையின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பல்லைப் பார்க்கிறார்கள் என்றால் இன்னும் வாங்கும் எண்ணம் இருக்கிறது என்று பொருள். நல்ல செய்தியை முதலில் சொல்ல வேண்டுமே என்று தெருவைத் தாண்டி ஓடினேன்.

"அப்பா, ராயகிரியிலேருந்து வந்துருக்காக. அத்தைக்கு லவ்வு இல்லன்னு சொல்லிட்டேன். டிபின்னு சொல்லிட்டேன். பல்ல எண்ணிப் பாத்தாக. எல்லாம் சரியா இருக்கு."

அப்பா கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தார். அது அவர் கனத்துக்கு அமுங்கிப்போனது. பிற்பாடு அந்த அண்டாவை யாரும் வாங்கவில்லை.

அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "தையில வேண்டாம். வைகாசியில வச்சுக்கிடுவோம்" என்றார்.

"மதினி, அது வந்து..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுல ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கு. அத முடிக்கணும். யாரும் கேட்டா அப்படிச் சொல்லுங்க. நானும் அதத்தான் சொல்லுவேன்." வாசலிலிருந்து அவர் தம்பி துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா கெடலே" என்றார். அவர்கள் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள்.

வைகாசி என்பது கல்யாணத்தை மரியாதையாக நிறுத்துகிற வழி என்று அப்பா முடிவுகட்டினார். என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொன்னார். ஆனால் அந்த அம்மாள் நிறுத்துகிறவராகத் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருதரம், சொல்லாமல் கொள்ளாமல், காலைப் பஸ்ஸில் வந்து இறங்குவார். நேரே பேன்சி ஸ்டோர். "வாயத் தொற. நாக்கத் தூக்கு." பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். எங்கள் வீட்டில் காப்பிகூடக் குடிக்கமாட்டார். கார்த்திகையிலிருந்து மாத்திரை மூன்றாகக் குறைந்தது. அவர் வருவது குறையவில்லை. நானும் அம்மாவும் அவருக்குப் பல் டாக்டர் என்று பெயர் வைத்தோம். இப்படி ஒரு மாமியாரிடம் அத்தை என்ன பாடுபடப் போகிறாளோ என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. தையில் கல்யாணம் நடந்திருந்தால் பொங்கல் லீவை ஒட்டிப் புதுப்பாவாடை கிடைத்திருக்கும்.

மாசி கடைசியில் அண்ணாச்சி காலிப் பெட்டியை மொபெட்காரரிடம் ஒப்படைத்தார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. அப்பா எதிர்க்கடைக்குப் பத்திரிகை வைத்தார், வைக்கும்போதும் பேசவில்லை.

அத்தைக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. ராயகிரியில் மண்டியை அவள்தான் நடத்துகிறாள். குரலைக் கேட்டால் அந்த நுரையீரலில் ஒரு காலத்தில் ஏதோ இருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். போன வாரம், தயங்கித் தயங்கி, அவளுக்குப் போன் செய்து என் மகள் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். "ஒழுங்கா போயி உண்மையச் சொல்லிட்டு வாட்டி" என்று திட்டினாள். பிறகு தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் இறந்து ஆறு வருடமாகிறது.

அவருக்கு ஒரு மகள் இருந்தாளாம், மாப்பிள்ளைக்கு அக்கா. எங்கள் அத்தையைப் பெண் கேட்டு வருவதற்கு மூன்று வருடம் முன்னால் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கும் ஒரு வரன் முடிவாகியிருந்தது. ஊருக்குத் தெரியக் கூடாதென்று வீட்டிலேயே வைத்து, அம்மா கையால்தான் மாத்திரை. அந்தப் பெண்ணுக்கோ மாத்திரை போட்டால் குமட்டல். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவோமோ என்று பயம். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரும் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போவாளாம். எல்லாம் முடிந்த பிறகு முருங்கைமரத்தடியைக் கூட்டும்போது அந்த அம்மாள் பார்த்திருக்கிறார். சிவப்பு காப்ஸ்யூல் கரைந்து மண் அங்கங்கே சிவந்து கிடந்திருக்கிறது.

"'எங் கண்ணு முன்னாலதான போட்டா, நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றாள் அத்தை.

அன்று அப்பாவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தையின் நாக்குக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, மோவாயைப் பிடித்திருந்த அந்த அம்மாளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பொம்பளை எங்கள் அத்தையைப் பார்த்துப் பயப்படுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.